மகுடத்துக்கும் தவணை உண்டு

குறுநாடுகளின் குடிமக்களே, மன்னர்களே, அதிபர்களே, இலாகா இல்லாத மந்திரிகளே!

ஐக்கிய நாடுகள் சபை நம்மைச் சீந்தாது. எந்த விமான நிலையத்திலும் நம் கடவுச்சீட்டு செல்லாது. கொடியும் நாணயமும் தபால்தலையும் நாமே அச்சடித்து நாமே மெச்சிக்கொள்பவை. இது தெரியாமல் யாரும் இங்கே வரவில்லை. தெரிந்தேதான் ஒரு நாட்டை அறிவித்து, அதற்கு அரசியல் சட்டம் எழுதி, அமைச்சரவை வைத்து, பக்கத்துக் குறுநாட்டோடு நட்புறவு ஒப்பந்தமும் போடுகிறோம். அப்படிப்பட்ட நமக்குள் தீராத சச்சரவு ஒன்று இருக்கிறது. தலைமை யாருக்கு? நாட்டைத் தொடங்கியவருக்கா, ஓட்டு வாங்கியவருக்கா?

இந்தப் பிரகடனத்தில் கையெழுத்திடும் நாங்கள் எங்கள் விடையைச் சொல்கிறோம். குறுநாட்டின் தலைமை, குடிமக்கள் தவணை வைத்துக் கொடுப்பது. தொடங்கியவர் என்பதாலோ, தொடங்கியவரின் பிள்ளை என்பதாலோ அது யாருக்கும் பட்டா ஆகிவிடாது. எங்கள் கொள்கை இந்த ஒன்றுதான்.

மன்னர் என்ற பட்டத்தின்மேல் எங்களுக்குப் பகை கிடையாது. சரிகைப் பட்டையும் பதக்கமும் முடிசூட்டு விழாவும் போய்விட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி ருசி போய்விடும். சூட்டிய மகுடத்தை இறக்க ஒரு வழி வேண்டும் என்கிறோம், அவ்வளவே. அப்படியொரு வழி நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் செபோர்காவைப் பார்க்கட்டும்.

இத்தாலியின் லிகூரியா மலைப்பகுதியில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே இருக்கும் சிற்றூர் செபோர்கா. ஏறத்தாழ முந்நூறு பேர் வாழ்கிறார்கள். 1729-இல் சவோய் வம்சம் இந்த ஊரை வாங்கிய கிரயம் முறையாகப் பதிவாகவில்லை, ஆகவே நாங்கள் இத்தாலியில் சேரவே இல்லை என்பது அவர்களுடைய வழக்கு. 1963-இல், பூ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திவந்த ஜோர்ஜோ கார்போனேயை ஊரார் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாம் ஜோர்ஜோ என்ற பெயரில், 2009-இல் இறக்கும்வரை அவரே இளவரசர். 1995-இல் சுதந்திரம் குறித்து ஊருக்குள் ஓட்டெடுப்பு நடந்தபோது ஆதரவாக 304 ஓட்டு, எதிராக 4. இத்தாலிய அரசு அசரவில்லை. ஊரார் இன்றும் ரோமுக்குத்தான் வரி கட்டுகிறார்கள், சாக்கடையையும் தெருவிளக்கையும் இத்தாலியச் சட்டப்படி தேர்வான மேயர்தான் பார்க்கிறார்.

ஜோர்ஜோ இறந்தபின் நடந்ததுதான் நமக்குப் பாடம். அரியணை வாரிசுக்குப் போகவில்லை. ஏழாண்டுத் தவணைக்கு ஓட்டுப் போட்டு இளவரசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2010-இல் மார்செல்லோ மெனெகாத்தோ வந்தார், இரண்டாவது தவணையின் நடுவில் விலகினார். 2019-இல் நடந்த தேர்தலில் நீனா மெனெகாத்தோ நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் முதலாம் ஜோர்ஜோவின் மகள். மகள் தோற்றார், நீனா இளவரசியானார். நாற்பத்தாறு ஆண்டு இளவரசராக இருந்தவரின் மகள், மற்றவர்களைப் போலவே ஊர்க்காரர்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. மகுடம், காவலர், ‘லுயிஜினோ’ நாணயம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தவணை மட்டும் சேர்ந்திருக்கிறது.

நீனா, மார்செல்லோவின் முன்னாள் மனைவியாயிற்றே என்று முடியாட்சி நண்பர்கள் உடனே கிளம்புவார்கள். கிளம்பட்டும். ஒரே வீட்டிலிருந்து இருவர் வருவதை நாங்கள் தடுக்கவில்லை. ஓட்டுப்பெட்டி வழியாக வந்தார்களா என்பதுதான் எங்கள் கேள்வி.

குடியரசு என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நண்பர்களுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறோம். பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையோரம், பதினொரு ஊர்கள் சேர்ந்த சோஜே குடியரசு. 1947-இல் மோன்பெனுவா ஊர் ஓட்டல்காரர் ஜோர்ஜ் பூர்ஷே, சாப்பிட வந்த அரசாங்க மாவட்ட அதிகாரியிடம், சோஜேக்குள் நுழைய அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கிண்டலாகக் கேட்டார். அதிகாரியும் சளைத்தவரில்லை. குடியரசு என்றால் அதிபர் வேண்டுமே, நீரே இரும் என்று சாப்பாட்டு மேசையிலேயே நியமித்துவிட்டார். பூர்ஷே 1968-இல் காலமானார். 1972-இல் ஊர்த் திருவிழாக் கூட்டம் கைதட்டியே அவர் மனைவி கப்ரியேலை ஆயுட்கால அதிபராக்கியது. 2005-இல் அவரும் மறைய, அடுத்து மகள். அப்பா, அம்மா, மகள் என்று நாற்காலி வெகுகாலம் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. கப்ரியேல் அம்மையார் ஊருக்கு உழைத்ததையோ, ஊர் அவரை நேசித்ததையோ நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அப்பன் பிள்ளை வாரிசுரிமை ஒரு குடியரசிலும், மகளைத் தோற்கடிக்கும் தேர்தல் ஒரு முடியரசிலும் நடந்திருக்கிறது என்றால், பெயர்ப்பலகையை வைத்து நாம் இத்தனை நாள் போட்ட சண்டை வீண்.

எங்கள் கொள்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. அமெரிக்காவின் நெவாடாவில் கெவின் பா என்பவர் தம் வீட்டு நிலத்தையே மொலோசியா என்ற நாடாக்கி, 1999 முதல் அதிபராக இருக்கிறார். 1977-இல் சிறுவனாக இந்த விளையாட்டைத் தொடங்கியபோது நண்பனை மன்னனாக்கிவிட்டுத் தாம் பிரதமராக இருந்தவர். இன்று மார்பு நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு, வருகிற சுற்றுலாப் பயணிகளுக்குத் தாமே நாட்டைச் சுற்றிக் காட்டுகிறார். தன்னைச் சர்வாதிகாரி என்று சொல்லி அவரே சிரிக்கிறார். நிலம் அவருடையது, குடிமக்கள் அவர் குடும்பம், நாய்களும் மக்கள்தொகையில் சேர்த்தி. அங்கே எங்களுக்கு வேலையில்லை. சொந்தக் கொல்லையில் ஒருவர் ராஜாவாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

வெளியாள் ஒருவர் குடிமகனாகப் பெயர் எழுதிக்கொண்டு, தன் மாலைநேரங்களை அந்த நாட்டுக்குக் கொடுக்கத் தொடங்கும்போதுதான் எங்கள் வழக்கு பிறக்கிறது. தலோசாவில் நடந்தது அதுதான்.

1979 டிசம்பர் 26. மில்வாக்கி நகரில் 14 வயது ராபர்ட் பென் மேடிசன் தன் படுக்கையறையைத் தனி நாடாக அறிவித்தான். பள்ளிப் பையனின் வேடிக்கை அதோடு நிற்கவில்லை. நாட்டுக்கென்று தனி மொழி ஒன்றை உருவாக்கினான், அதற்கு இலக்கணமும் அகராதியும் வளர்ந்தன. கட்சிகள் வந்தன, தேர்தல்கள் வந்தன, கோசா என்று ஒரு மக்களவை வந்தது. அந்த அவைக்கு 200 இடங்கள். உட்கார அத்தனை பேர் இல்லாததால், ஓட்டு விகிதப்படி கட்சிகளுக்கு இடங்களைப் பிரித்துக் கொடுத்து, ஓர் உறுப்பினர் பல இடங்களை வகிக்கலாம் என்று விதி செய்தார்கள். விளையாட்டாக இருந்தாலும் கணக்கு வழுவாமல் செய்த வேலை. 1990-களின் நடுவில் தலோசா இணையத்தில் ஏறியது. மில்வாக்கியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து குடியுரிமை கேட்டார்கள். சட்டம் படித்தார்கள், கட்சி தொடங்கினார்கள், மொழியையும் கற்றார்கள்.

உரசல் அங்கேதான் மூண்டது. தொடங்கியவருக்கு அது தன் இளமை, தன் படைப்பு. வந்தவர்களுக்கு அது தாங்கள் குடியிருக்கும் நாடு. ஒருவர் எழுதிய நாவலை வாசகர்கள் திருத்த வந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் மேடிசனின் பக்கமும் புரியும். ஆனால் சட்டமன்றம் வைத்து, ஓட்டு கேட்டு, அமைச்சர் பதவியும் கொடுத்த பிறகு அது நாவலாக இருக்க முடியாது. 2004-இல் குடிமக்களில் ஒரு பிரிவினர் வெளியேறி தலோசா குடியரசு என்று தனியே அறிவித்தார்கள். 2005-இல் மேடிசனே நாட்டைவிட்டு நீங்கினார். 2007-இல் முடியரசு புதிய மன்னரைத் தேடிக்கொண்டது. 2012-இல்தான் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. எட்டு வருடம் இரண்டு தலோசா! பங்கு போட ஒரு சென்ட் நிலம் கிடையாது, கஜானா கிடையாது. உடைந்ததெல்லாம் நட்புதான்.

குடியரசினர் கடைசியில் ஒரு மன்னரின் கீழ்தான் திரும்பி வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மன்னர் இருப்பதை அவர்களால் ஏற்க முடிந்தது. கேள்வி கேட்க முடியாத மன்னரைத்தான் ஏற்க முடியவில்லை.

வாரிசு முறைதான் நாட்டை நிலைக்க வைக்கும் என்ற வாதத்துக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் ரிவர், கோதுமை ஒதுக்கீட்டுத் தகராறில் லெனார்ட் காஸ்லி 1970-இல் அறிவித்த நாடு. 75 சதுர கிலோமீட்டர் பண்ணை நிலம், குறுநாட்டு உலகில் பெரிய சமஸ்தானம். 2017-இல் மகன் கிரேமுக்கு முடி மாறியது. கூடவே ஆஸ்திரேலிய வரித்துறைக்குச் செலுத்த வேண்டிய லட்சக்கணக்கான டாலர் கடனும் மாறியது. 2020 ஆகஸ்டில் நாடு கலைக்கப்பட்டது.

முடியாட்சி நண்பர்களின் உண்மையான வாதம் வேறு. கொடி வரைவதும், கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், இணையதளத்துக்கு வருடச் சந்தா கட்டுவதும் ஒரே ஆள். மற்றவர்கள் வாழ்த்துச் சொல்வதோடு சரி. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர் லாரிக்குப் போன் செய்கிறவரே ஆயுளுக்கும் செயலாளராக இருப்பதைப் போலத்தான் இதுவும். வேலை செய்ய வராதவர்கள் தேர்தல் கேட்க மட்டும் வருவது என்ன நியாயம்? நியாயமான கேள்விதான். அதற்கு எங்கள் பதில்: வேலையைப் பிரித்துக் கேளுங்கள், கொடுக்க மறுக்கும் மன்னர்கள்தான் அதிகம். தபால்தலையை ஒருவர், குடிமக்கள் பதிவேட்டை ஒருவர், கணக்கை ஒருவர் என்று ஒப்படைத்தால் மூன்று வேட்பாளர்கள் தாமாகவே உருவாகிவிடுவார்கள்.

கள்ள ஓட்டுப் பயம் இன்னொன்று. பத்துப் பேர் ஓட்டுப்போடும் நாட்டில் நான்கு போலிக் கணக்குகள் இருந்தால் ஆட்சியே கவிழும். உண்மை. அதற்காகத் தேர்தலை ஒழிக்க வேண்டாம், பதிவேட்டைத் திறந்து வையுங்கள். குடியுரிமை பெற்று ஆறு மாதம் கழியாதவருக்கு ஓட்டில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

குறுநாட்டில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? படை இல்லை, போலீஸ் இல்லை. இணையதளத்தின் கடவுச்சொல், நாணயம் விற்ற பணம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கு, குடிமக்களின் பெயரும் முகவரியும் உள்ள கோப்பு, மேசை இழுப்பறையில் கிடக்கும் ரப்பர் முத்திரை. இவை நான்கும் யார் கையிலோ அவரே அரசு, சட்டப்புத்தகம் என்ன சொன்னாலும் சரி. மன்னர் ஒருநாள் இரவு மனம் கசந்து கணக்கை அழித்துவிட்டுத் தூங்கப் போனால், விடியும்போது நாடு இருக்காது. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை ஓட்டுப்பெட்டிகூட அல்ல, சாவிகள். கடவுச்சொல்லும் பதிவேடும் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னும் இருவரிடமாவது இருக்க வேண்டும். வரவு செலவு வருடத்துக்கு ஒருமுறை எல்லார் பார்வைக்கும் வர வேண்டும். தலைவருக்கு அதிகபட்சம் ஏழாண்டுத் தவணை, செபோர்காவைப் போல. மறுபடி நிற்கலாம், மறுபடி ஜெயிக்கலாம், அதற்கு ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

தொடங்கியவர்களை நாங்கள் தெருவில் விடவில்லை. நிறுவியவர் என்ற பட்டம் அவர்களுக்கு ஆயுளுக்கும் உரியது. தபால்தலையில் முகம் இருக்கட்டும், விழாவில் முதல் மாலை விழட்டும். பதவிக்கு மட்டும் ஓட்டு வாங்கி வரட்டும்.

வெளியில் இருப்பவர்களுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் ஓவியர் லார்ஸ் வில்க்ஸ் 1996-இல் அறிவித்த லடோனியா நாட்டில் இருந்தவை, கடலோரத்தில் அவர் கட்டிய சிற்பங்கள்தாம். உண்மையான நாடென்று நம்பி, குடியேற இடம் கேட்டு, பாகிஸ்தானிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். நம் வேடிக்கை இன்னொருவரின் பிழைப்புக் கனவில் போய் முட்டலாம். குடியுரிமைக்கும் பட்டத்துக்கும் காசு வாங்கும் நாடுகள் அதை யோசித்துப் பார்க்கட்டும். அந்தக் கடிதங்களுக்கு யார் பதில் எழுதுவது, வாங்கிய காசை யார் திருப்பிக் கொடுப்பது என்று மன்னரை உட்காரவைத்துக் கேட்க ஒரு சபை வேண்டும்.

இந்த இயக்கத்துக்கு இன்னும் பெயர் இல்லை. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் பெயர் வைப்பார்கள். முதலில் கையெழுத்திட்ட எங்கள் பொறுப்பு ஓராண்டோடு முடிகிறது. அதன்பின் எங்களில் எவரும் அடுத்த தவணைக்குத் தலைமைக்கு நிற்கப்போவதில்லை.

உங்கள் நாட்டின் சட்டப்புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். தலைவரை மாற்றும் பிரிவு அதில் இல்லையென்றால், அடுத்த கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவாருங்கள். நிற்க ஆளில்லை என்று மன்னர் சொன்னால், வேட்புமனுவில் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள்.