தெருவும் திடலும் யார் கையில்?

நகரசபைக் கூட்டம் என்றால் அது பெரிய மனிதர்களின் காரியம், நமக்கு அங்கே என்ன வேலை என்று எண்ணும் தொழிலாளி இன்னும் இருக்கிறான். ஆலை வாசலில் போனஸுக்காக நாட்கணக்கில் நிற்பான். கூலியில் பத்து ரூபாய் குறைந்தால் மேஸ்திரியைச் சும்மா விடமாட்டான். ஆனால் அதே பத்து ரூபாயை ரயிலடியில், சந்தையில், வாடகையில் அவன் மடியிலிருந்து எடுத்துக்கொள்ளும் தீர்மானம் நகரசபையில் கைதூக்கி நிறைவேற்றப்படும்போது அங்கே அவன் இருப்பதில்லை. அந்தத் தீர்மானத்துக்குக் கைதூக்கியவர் யார் என்பதும் அவனுக்குத் தெரிவதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வார்டுக் குழுவின் முன்னும் மன்றத்தின் முன்னும் மூன்று விஷயங்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. வண்டியை எங்கே நிறுத்துவது? கையிலிருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது? பொதுவுக்கென்று ஒதுக்கி விட்ட நிலத்தை என்ன செய்வது? கேட்பதற்குச் சில்லறை விஷயங்களாகத் தோன்றும். உண்மையில் இவை மூன்றும் சேர்ந்ததுதான் ஊர்.

முதலில் வண்டி. 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அந்த நாட்களில் தொழிலாளியின் வாகனம் சைக்கிள்தான். இன்று அதே பேட்டைச் சாலைகளில் சரக்கு லாரியும், கம்பெனி வேனும், ஐ.டி. அலுவலகக் காரும் இரு மருங்கும் நிற்கின்றன. நடந்து போகிறவன் நடுச்சாலையில் நடக்கிறான். அடிபட்டால், ஓரமாகப் போகக் கூடாதா என்று அவனையே கேட்கிறார்கள். ஓரம் எங்கே இருக்கிறது?

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும் என்பது கட்டட விதிக் கணக்கு. அதாவது 12.5 சதுர மீட்டர். பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 2015-ல் நிர்ணயித்த வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர். ஆக, இரண்டரைக் கார் நிற்கும் இடத்தில் ஒரு குடும்பம் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்து தீர்க்க வேண்டும்! தெருவோரத்தில் காருக்கு இடம் விடும் தீர்மானம் வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு நம் நினைவில் இருக்கட்டும்.

கார் வைத்திருப்பவர்மேல் நமக்குப் பகை இல்லை. நாம் கேட்பது வேறு. 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, கட்டடம் எழுப்புகிறவர் தம் மனைக்குள்ளேயே வண்டி நிறுத்த இடம் விட்டாக வேண்டும். வரைபடத்தில் அடித்தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, பிறகு அதைக் கிடங்காகவும் கடையாகவும் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் வாடகை வாங்குகிறார்கள். அவர்களுடைய வாடிக்கையாளரின் கார் நம் தெருவில் நிற்கிறது. லாபம் அவர்களுக்கு, நெரிசல் நமக்கு. இதைச் சோதிக்கும் அதிகாரம் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் உண்டு. ஆனால் சோதனை என்று ஒன்று புறப்பட்டால், அது முதலில் வந்து நிற்பது இட்லிக் கடைத் தள்ளுவண்டியிடம்தான்.

தள்ளுவண்டிக்காரருக்கும் சட்டம் இருக்கிறது என்பதைப் பலர் அறியார். 2014-ம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், கணக்கெடுப்பு நடத்திச் சான்று கொடுக்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. எந்தத் தெருவில் வியாபாரம் நடக்கலாம் என்று ஆலோசித்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆகவே, வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று சொல்லிப் பூக்காரியின் கூடையை எட்டி உதைக்கும் தீர்மானம் சட்ட விரோதமானது.

அப்புறம், ஸ்டாண்டுக் குத்தகை. இருட்டோடு எழுந்து ரயிலடிக்கு வரும் தொழிலாளி வண்டியை விட்டுச் செல்ல நாளுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 26 வேலை நாளுக்கு 260 ரூபாய். வருஷத்துக்கு மூவாயிரத்துக்கு மேல். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கும் துணி அதில் அடங்கிவிடும். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா என்று நியாயம் பேசுகிறார்கள். எடுக்கட்டும், நிர்ணயித்த கட்டணத்துக்குள் எடுக்கட்டும். கட்டணப் பலகை எங்கே? ரசீது எங்கே? ரயில்வே ஆனாலும் நகராட்சி ஆனாலும் இந்த இரண்டும் இல்லாத இடத்தில் நடப்பது வசூல் அல்ல, வழிப்பறி. சைக்கிளுக்குக் கட்டணமே கூடாது என்பது நம் கோரிக்கை. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறேழு சைக்கிள் நிற்கும்.

இனி பணம். நிதி இல்லை, நிதி இல்லை என்பது எல்லா மன்றங்களிலும் கேட்கும் பல்லவி. அது முழுப் பொய் அல்ல. மாநில சர்க்கார் தன் சொந்த வரி வருவாயில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஊரக, நகர்ப்புற ஸ்தாபனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பகிர்ந்து தருகிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது விளம்பர வரி போன்றவை கை நழுவின. மத்திய சர்க்காரின் பதினைந்தாவது நிதிக் கமிஷன், 2021 முதல் 2026 வரை பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகர்த்தொகுதிகளுக்கான மானியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுத் தூய்மைக்கும், மீதியைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப் போட்டது. தண்ணீரும் துப்புரவும் வேண்டாதவை அல்ல. ஆனால் பட்டாபிராமில் ஒரு தெருவுக்கு முதலில் விளக்கு வேண்டுமா, கால்வாய் வேண்டுமா என்பதைத் தில்லியில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்வது? மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் கீழ்வரம்பு நிர்ணயிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே கமிஷன் போட்டது. அதன் பலன் 2022 ஏப்ரலில் வந்தது. அம்பத்தூர் போன்ற, 2011-ல் சென்னையோடு சேர்த்த பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம், 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று வரி ஏறியது. ஆவடி போன்ற மற்ற மாநகராட்சிகளிலும் இதே அளவுதான்.

பெரிய வீட்டுக்குக் கூடுதல், சின்ன வீட்டுக்குக் குறைவு என்ற ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. ஆனால் லைன் வீட்டில் குடியிருப்பவன் கதை என்ன? வரி ரசீது வீட்டுக்காரர் பெயரில். அந்தப் பணம் வாடகையாக வருவது குடியிருப்பவன் பையிலிருந்து. வரி கட்டுகிறவனே அவன்தான். ஆகவே, அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேட்கும் உரிமையும் அவனுக்கே முதலில் உண்டு. பிரதான சாலையில் நல்ல தார்ச்சாலையைச் சுரண்டி மறுபடியும் தார் போட நிதி இருக்கிறது. காலனித் தெருவில் மழைநீர் போக வழி செய்ய இல்லை. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

இப்போது நிலம். மூன்றிலும் பெரியது இதுதான். ஏனெனில் போன பணம் திரும்ப வரலாம், போன நிலம் வராது.

பெருநகர்ப் பகுதியில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல், மனைப் பிரிவோ பெரிய கட்டடமோ போடுகிறவர், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். மூவாயிரம் முதல் பத்தாயிரம் வரை உள்ள மனையானால், நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிட்டும் தப்பலாம். இந்தப் பின்வாசலை நாம் ஒப்பவில்லை. பணம் கருவூலத்துக்குப் போகும். அந்தத் தெருக் குழந்தைகள் கருவூலத்திலா பந்து விளையாடுவார்கள்?

நஷ்ட ஈடு இல்லாமல் நிலத்தை எப்படிக் கேட்கலாம் என்று இந்த விதியையே எதிர்த்துச் சென்னை அடுக்குமாடிச் சொந்தக்காரர் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2023 பிப்ரவரியில் கோர்ட் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் 1991-ல் பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த உத்தரவு செல்லாது என்று இதே கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. நிலம்தான் நம் பக்கம் இல்லை.

எப்படிப் போகிறது? ஒரே நாளில் யாரும் விழுங்குவதில்லை. முதலில் வேலி இருக்காது, பலகை இருக்காது. பிறகு பக்கத்து மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் கார் நிறுத்த வழி விடுவார்கள். ஜல்லி கொட்டுவார்கள். சங்கிலி ஒன்று குறுக்கே விழும். காவலாளி ஒருவர் வருவார். சில வருஷம் கழித்து, அது எப்போதும் வண்டி நிறுத்துமிடம்தானே என்று மன்றத்தில் பேசுவார்கள். சில இடங்களில் ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று நல்ல பெயரோடு வருவார்கள். ஏழைகளுக்குத்தானே, இதை எதிர்க்கிறீர்களா என்று நம்மையே மடக்குவார்கள். ரேஷன் கடை வேண்டும், கட்டாயம் வேண்டும். அதற்குப் பிள்ளைகளின் திடல்தான் கிடைத்ததா? காலனிக்காரர்களின் ஒரு தேவையைக் கொண்டு அவர்களுடைய மற்றொரு தேவையை அடிக்கும் இந்தத் தந்திரம் பழையது.

ஏரிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019-ல் பூங்கா திறந்தார்கள், நல்ல காரியம். கொரட்டூர் ஏரியோ கழிவுநீரால் பட்ட பாட்டைப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சொல்ல வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாழ்ந்த தெருக்கள் மூழ்கியதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. நீர்நிலையைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பினால், கூவம் கரையில் செய்தது போலக் குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவதுதான் அதிகாரிகளுக்குத் தெரிந்த ஒரே வழி. வரைபடத்தை எடுத்து வைத்து, மதில் சுவர்க்காரர்களிடமிருந்து ஆரம்பியுங்கள் என்கிறோம்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று முழங்கிற்று. ஆனால் ஆவடி உள்பட நம் நகராட்சிகள் நடந்துவந்தது 1920-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் கீழ். புதிய நகர்ப்புறச் சட்டம் 1998-ல் நிறைவேறியும், அது நிலையாக அமலுக்கு வர 2023 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! நடுவில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றமே இல்லை. தனி அதிகாரிகளின் ராஜ்யம். கட்டணம், குத்தகை, நிலம் எல்லாம் ஒரு கையெழுத்தில் முடிந்த காலம் அது.

2011-ல் அம்பத்தூர் உள்பட 42 ஸ்தல ஸ்தாபனங்களைச் சென்னையோடு சேர்த்தார்கள். ஏறத்தாழ 67 லட்சம் பேருக்கு 200 கவுன்சிலர்கள். ஒருவருக்கு முப்பத்து மூவாயிரம் பேர். 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டுக் குழு வேண்டும் என்றது. 2011 கணக்குப்படி ஆவடியில் 3.45 லட்சம் பேர். குழுவுக்கும் பகுதி சபைக்குமான விதிகள் நம் மாநிலத்தில் வந்ததோ 2022 ஜூனில். நவம்பர் 1 அன்று சபைகள் கூடத் தொடங்கின. வரவேற்கிறோம். ஆனால் பகுதிப் பிரதிநிதியை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை; மன்றம் நியமிக்கிறது. நியமித்தவரைப் பார்த்து நியமனம் பெற்றவர் என்ன கேள்வி கேட்பார்? 1996-ல் கேரளத்தில் இடதுசாரி சர்க்கார் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை ஸ்தல ஸ்தாபனங்களிடம் கொடுத்து, ஊர்க் கூட்டத்தில் வைத்தே திட்டம் போடச் செய்தது. பிரேஸில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் வட்டாரக் கூட்டங்களில் மக்களே பட்ஜெட்டின் முன்னுரிமையைத் தீர்மானித்தார்கள். படிப்பில்லாதவர்களுக்குப் பட்ஜெட் புரியாது என்று சொன்னவர்கள் அங்கும் இருந்தார்கள்.

விவசாயத் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் ஆவடி மாநகராட்சியோடு பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்க்கும் உத்தேசத்தைச் சர்க்கார் அறிவித்தது. தமிழ்நாட்டின் பல கிராமங்கள் அப்போது இத்தகைய இணைப்பை எதிர்த்தன. காரணம் தெளிவு: கிராமம் நகரமானால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும். மேய்க்கால் நிலமும் களமும் மாநகராட்சி எல்லைக்குள் வரும். அங்கே எது பூங்கா, எது வண்டி நிறுத்துமிடம் என்று எங்கிருந்தோ தீர்மானம் வரும். அதே ஜனவரியில் திருவள்ளூர் உள்பட்ட ஜில்லாக்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் அமர்ந்தார்கள். ஊர் மாறப்போகும் நேரத்தில் ஊருக்கு வாய் இல்லை. கிராம சபை கூடி ஒப்பாத எந்த இணைப்பும் செல்லாது என்பதே நம் நிலை.

அடுத்த பகுதி சபைக்கு ஒவ்வொரு கிளையும் வெறுங்கையோடு போகக் கூடாது. தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு, முப்பது நாளுக்குள் பதில் கேட்டு வாங்க வழி இருக்கிறது. அனுமதி பெற்ற மனைப் பிரிவு வரைபடம், எழுதிக் கொடுத்த திறந்தவெளி நிலங்களின் பட்டியல், ஸ்டாண்டுக் குத்தகை நிபந்தனைகளின் நகல், வார்டில் இந்த வருஷம் நடந்த வேலைகளின் தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். திடல் எது என்று வரைபடத்தைப் பார்த்து நேரில் அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, பலகை நட வேண்டும். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குச் சபை கூட்டினால் ஷிப்டுக்காரனும் வரமுடியாது, நடவுக்குப் போனவளும் வரமுடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டு, இரண்டு வாரம் முன்னதாகத் தண்டோராப் போட்டு அறிவி என்பதை முதல் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.