பொது யாருக்குப் பொது?

‘பொது’ என்ற சொல்லைத் தமிழாசிரியர்கள் பெருமையாகச் சொல்லித் தருவார்கள். பலவற்றுக்கும் ஒத்திருப்பது பொது, ஒன்றுக்கே உரியது சிறப்பு. இலக்கணம் சரிதான். பொது + இல் பொதியில், அதாவது ஊர் கூடும் மன்றம் என்றும் படித்தோம். அந்த மன்றத்தில் உட்கார்ந்தவன் யார், வெளியே நின்றவன் யார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. தில்லை அம்பலத்துக்கும் ‘பொது’ என்றே பெயர். அந்தப் பொதுவுக்குள் போக நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்கிறது புராணம். பொது என்ற சொல் பிறந்த இடத்திலேயே வேலி இருக்கிறது.

பழவேற்காடு ஏரிக்கு வாங்க. தண்ணீருக்கு யார் பேரிலும் பட்டா கிடையாது. ஆனால் மீனும் இறாலும் நன்றாகப் படுகிற இடங்களைப் ‘பாடு’ என்று பிரித்து, யார் என்றைக்கு எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாக்குப்பம். மூன்றும் பட்டினவர் குப்பங்கள். அந்தச் சாதித் தலைக்கட்டுக்குத்தான் சீட்டு. ஆய்வாளர்கள் பலர் வந்து, பொதுவளத்தைச் சமமாகப் பங்கிடும் மரபறிவு என்று மெச்சி எழுதினார்கள். சமம்தான், சீட்டில் பேர் உள்ளவனுக்குள்ளே! பேர் இல்லாதவன் வலையோடு இறங்கினால் தகராறு. அவர்களுக்குப் பாடு என்றால் மீன்படும் இடம், நமக்கு நாம் படுகிற பாடு. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். அது எந்தச் சீட்டிலும் வராது.

அப்படியானால் இங்கே எது பொது? ஏரி பொது, உப்புத்தண்ணி பொது, வயிறு பொது. இது எதுவும் கணக்கில் இல்லை. பிறப்பு ஒன்றுதான் கணக்கு.

பொதுச்சாலை, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியவை என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொது எல்லாருக்கும் பொது என்று சொல்லவே ஒரு தீர்மானம்! இன்றும் ‘பொதுத் தொகுதி’ என்றால் நம்ம ஆள் நிற்கக்கூடாத தொகுதி என்றே ஊரில் அர்த்தம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

பட்டினவர் ஒன்றும் பண்ணையார் இல்லை, தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் அவர்கள் வயிற்றிலும்தான் அடிக்கும். அதை எதிர்த்து ‘ஏரி எல்லாருக்கும் பொது’ என்று கோஷம் போடக் கூப்பிட்டால் நாமும் போவோம், போகத்தான் வேண்டும். ஆனால் கோஷம் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியதும், அடுத்த பாட்டுச் சீட்டில் எங்க தலைக்கட்டு எத்தனை என்று அங்கேயே கேட்போம்.