பீலித் தண்ணீரை யார் சோதிப்பது?

நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீற்றர். அதன் சரிவுகளில் இறங்கும் ஓடைகள் பல பதுளு ஓயாவில் விழுந்து மகாவலிக்குப் போகின்றன. ஆற்றைச் சேரும் முன்பே அந்நீரில் ஒரு பங்கு, தேயிலைக்கு நடுவே ஊற்றெடுக்கும் இடத்தில் கட்டிய சிறு சீமெந்துத் தொட்டியில் தேங்கி, கறுப்புக் குழாய் வழியாக லயத்துப் பீலிக்கு வந்துவிடுகிறது. தொட்டிக்கு மேலேயும் தேயிலைதான். அங்கே உரம் போடுகிறார்கள், மருந்து அடிக்கிறார்கள். ஆகவே இங்கு விவசாயக் கொள்கையும் குடிநீர்க் கொள்கையும் ஒன்றே. கொழும்பில்தான் அவை இரண்டு அமைச்சுகள்.

இவ்விரண்டையும் நாடளவில் சேர்த்துப் பேச வைத்தது வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய். 1990களில் மதவாச்சி, பதவியா பக்கம் தெரியவந்த இந்நோய்க்கு நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ காரணமாக இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நெல் விவசாயிகள். பதுளை மாவட்டத்துக்கு இது அயலூர்க் கதையும் அல்ல. மலையிறங்கினால் வரும் கிராந்துருகோட்டே நோய் மிகுந்த இடங்களுள் ஒன்று. கட்மியம், ஆர்செனிக், புளோரைட்டு, கடின நீர், வெயிலில் நீரிழப்பு என்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்பட்டன. 2014இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, கிளைபொசேட் களைநாசினி கடின நீரோடும் உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்றது. அது ஒரு கருதுகோள். நிறுவப்பட்ட முடிவு அல்ல. அடுத்த ஆண்டே கிளைபொசேட் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. அதே 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் அதைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அங்கே கேட்கப்பட்டது புற்றுநோய் பற்றிய கேள்வி.

அந்தக் கருதுகோளின்படியே கெடுதிக்குக் கடின நீர் வேண்டும். மலைநாட்டு ஊற்று நீரோ பொதுவாக மென்னீர். இருந்தும் தடை மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றாகவே வந்தது. தேயிலையில் புல் மண்டியது. கையால் சுரண்ட ஆள் போதவில்லை. வேறு மருந்துகளுக்குத் தோட்டங்கள் மாறின. 2017-18இல், இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் வரம்பை மீறியிருப்பதாக ஜப்பான் கண்டது. ஒரு மருந்தை நிறுத்தும்போது அதன் இடத்துக்கு எது வரும் என்பதும் கணக்கில் சேரவேண்டியது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது.

கேள்வியைச் சரியாகக் கேட்டவர்களும் உண்டு. கிராந்துருகோட்டே அருகே கின்னோருவவில் பக்கத்துப் பக்கத்துக் குடியேற்றங்களின் கிணறுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் விவசாயமே தொழில்; ஒன்றில் நோய் அதிகம், மற்றதில் குறைவு. நோய் மிகுந்த பக்கத்துக் கிணறுகளில் புளோரைட்டும் மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மையும் தூக்கலாக இருந்தன. விவாதம் இதோடு முடிந்துவிடவில்லை. ஆனாலும் நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது முதல் வேலை என்று சொல்ல இந்த அளவு சான்று போதும்.

அடுத்த தடை உரத்துக்கு வந்தது. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. தேயிலைச் செடியிலிருந்து ஒவ்வொரு முறை கொழுந்து பறிக்கும்போதும் நைதரசன் வெளியே போகிறது. போனதை ஈடுசெய்யக் கூட்டெரு அந்த அளவில் நாட்டில் இருக்கவில்லை. நவம்பரில் தடை விலகியது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. கொழுந்து குறைந்த மலையில் நிறை கிலோ எடுக்க முடியாதவர்களுக்கு விழுந்தது அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். உரத்தைக் குறைப்பதற்கு உண்மையில் நியாயம் இருந்த இடம் வேறு. வெலிமடை, கெப்பெட்டிபொல மரக்கறித் தோட்டங்களில் தேவைக்கு மேல் போட்ட பொசுபரசு மண்ணிலேயே குவிந்து கிடக்கிறது. மண்ணைச் சோதித்து அங்கே குறைத்திருந்தால் விவசாயிக்குப் பணமும் மிச்சம்.

தடை போட்டபோதும் எடுத்தபோதும் பேச்சு மருந்தைப் பற்றியும் உரத்தைப் பற்றியுமே இருந்தது. பீலித் தண்ணீரைப் பற்றி அல்ல. அங்கே முதலில் தேடவேண்டியது மலக்கிருமி. இலங்கைத் தரநிலை 614இன்படி 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. மூடியில்லாத தொட்டியும், அதற்கு மேலே இருக்கும் மலசலகூடக் குழியும் எந்தக் களைநாசினியையும் விட உடனடியான ஆபத்து. அடுத்தது நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை. நீர் மாதிரியை எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். ஊவாவில் காற்று வறண்டடிக்கும் ஓகஸ்டில் எடுத்த போத்தல் பெரும்பாலும் நல்ல சேதியே சொல்லும். ஒக்டோபர், நவம்பர் மழை உரத்தையும் மண்ணையும் கழுவி இறக்கும் வாரங்களில் எடுத்தால்தான் உள்ளது தெரியும்.

யார் எடுப்பது? 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிடச் சட்டத்தில் வழியில்லை. இப்போது அந்தச் சாக்கு இல்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை பசறையிலேயே இருக்கிறது. எந்த மலைக்கு எப்போது எவ்வளவு உரம் என்று சொல்லும் அறிவு அங்கே உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுக்கும் நீர் மாதிரி ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேரவேண்டும். நாளுக்கு இரண்டு பஸ் ஓடும் தோட்டத்துக்கு இது வாகனப் பிரச்சினைதான், சபை தீர்க்கக்கூடியது. முடிவின் ஒரு பிரதி அடுத்த உரச் சுற்றுக்கு முன் பசறைக்கும் தோட்டத் துரைக்கும் போகவேண்டும். இன்னொன்று தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும்.