போய் வந்தால் வேலை இருக்குமா?



என் மாமா கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். சில வருடங்களுக்கு முன் டெரிடோரியல் ஆர்மி எனும் பிரதேச ராணுவத்தில் சேர ஆசைப்பட்டார். "தாராளமா போ. ஆனா திரும்பி வந்தா இங்க வேலை இருக்கும்னு நினைக்காதே" என்றார் முதலாளி. வீட்டில் கடன் வேறு. மாமா போகவில்லை.

வேறு தொழில் செய்துகொண்டே, நாடு கூப்பிடும்போது மட்டும் சீருடை அணிவதுதான் பிரதேச ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று இதைத் தொடங்கி வைத்தவர் நம் ராஜாஜி. 18 முதல் 42 வயது வரை சேரலாம். நம் கோவையிலேயே 110ஆவது பட்டாலியன் இருக்கிறது. 1962, 1965, 1971 போர்களில் இவர்கள் பணியாற்றினார்கள். 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் வந்தபோதும், 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ அழைக்க அரசு ஆணையிட்டது.

சரி, போனவன் வேலை என்ன ஆகும்? வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பணி முடித்துத் திரும்பியவரை, பழைய நிலைக்குக் குறையாமல் மீண்டும் சேர்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. முடியாது என்றால் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். அவர் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். அழைப்பு வரும் முன்பே தந்திரமாக வேலையை விட்டு நிறுத்தினாலும் முதலாளி தப்ப முடியாது!

இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பவே தெரியாமப் போச்சே" என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

ஆனால் இந்தச் சட்டமும் போதாது. அதிகாரியின் உத்தரவை மீறினால் அதில் எழுதியுள்ள அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். இன்று அது ஒரு பொருட்டா? கடன் வட்டி பற்றியோ ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவில் ரிசர்வ் வீரர் பணிக்கு அழைக்கப்பட்டால், அவர் முன்பு வாங்கிய கடனுக்கு 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும்.

மூன்று லேத் வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கு ஓர் ஆள் போனால் கஷ்டம்தான், மறுக்கவில்லை. அவருக்கும் அரசு கைகொடுக்கட்டும். அதற்காகப் போனவன் வயிற்றில் அடிக்கலாமா?

நண்பர்களே, நமக்கும் 18 ஆகிவிட்டது. நாளை வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வேலை பார்த்ததை எப்படி நிரூபிப்பது? நாளை நம்மில் சிலர் பட்டறை முதலாளியும் ஆவோம். அன்று ஒரு தொழிலாளி வந்து கேட்டால், "போயிட்டு வாப்பா, உன் லேத் இங்கேயேதான் இருக்கும்" என்று சொல்வோமா? சிந்தியுங்கள்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்