கழிவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது?

செப்டம்பரில் 9.9, அக்டோபரில் 10.10, நவம்பரில் 11.11, டிசம்பரில் 12.12. ஆண்டின் கடைசி நான்கு மாதங்களில் நம் கைப்பேசிகளுக்கு ஓய்வே இல்லை. இடையில் தீபாவளியும் வந்துவிடுகிறது. நள்ளிரவு 12 மணிக்கு வெளியாகும் பற்றுச்சீட்டுக்காக விழித்திருப்பவர்கள் என் வகுப்பிலேயே பலர் உண்டு. 2009ஆம் ஆண்டு சீனாவின் அலிபாபா நிறுவனம் தொடங்கிய 11.11 விற்பனை, இன்று தென்கிழக்காசியாவிலும் ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது.

இந்தத் திருவிழாவில் எல்லாரும் கேட்கும் கேள்வி, “எவ்வளவு கழிவு?” என்பதுதான். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தக் கழிவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? சிங்கப்பூர் போன்ற சிறிய சந்தையில் ஒரு சலுகைத் திட்டம் நிலைக்குமா, கவிழுமா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே கணித்துவிடலாம் என்பது என் கருத்து. இணையத்தில் பொருள் வாங்கும் மாணவர்களுக்கு மட்டுமல்ல, இன்ஸ்டகிராமில் சிறு வியாபாரம் தொடங்கத் துடிக்கும் இளையர்களுக்கும் இது முக்கியமான கேள்வி.

பாதியில் பாதி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2008ல் தொடங்கப்பட்ட குரூப்பான் நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். 2010ஆம் ஆண்டு இறுதியில் பீகனாமிக் என்ற உள்ளூர் நிறுவனத்தை வாங்கி அது சிங்கப்பூருக்குள் நுழைந்தது. உணவகம், அழகு நிலையம், உடற்பிடிப்பு நிலையம் எனப் பலவற்றிலும் பாதி விலைச் சலுகைகள் கிடைத்தன. அப்போது தொடக்கப்பள்ளியில்கூடச் சேராத வயதில் இருந்த நம்மில் பலருக்கு அது நினைவிருக்காது. ஆனால், அந்தக் கணக்கு இன்றைக்கும் பாடம் சொல்கிறது.

ஒரு முகப் பராமரிப்புச் சேவையின் வழக்கமான விலை 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு கழிவில் அது 40 வெள்ளிக்கு விற்கப்படும். அந்த 40 வெள்ளியிலும் ஏறக்குறைய பாதியைத் தளம் எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் கைக்கு வருவது 20 வெள்ளி. ஊழியர் சம்பளமும் பொருள்களும் சேர்ந்து 30 வெள்ளி ஆகிறது என்றால், உள்ளே வரும் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளராலும் கடைக்கு 10 வெள்ளி நட்டம்.

அப்படியானால் அந்தக் கழிவைத் தந்தது யார்? குரூப்பான் அல்ல, கடைக்காரர். அவர் அந்தப் பணத்தை மீட்க ஒரே வழி, வந்தவர்கள் முழு விலைக்குத் திரும்பி வருவதுதான். முழு விலையில் ஒருவர் வந்தால் 50 வெள்ளி மிஞ்சும். ஆக, ஐவரில் ஒருவராவது ஒருமுறை திரும்பி வந்தால்தான் கணக்கு நேராகும். அதற்கு மேல் வந்தால்தான் லாபம்.

இங்கேதான் சந்தையின் அளவு குறுக்கே வருகிறது. சிங்கப்பூரின் பரப்பளவு சுமார் 735 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 6 மில்லியன். ஜூரோங்கில் இருப்பவர் தெம்பனிஸில் உள்ள சலுகைக்காக எம்ஆர்டியில் ஒரு மணி நேரம் போய்வரத் தயங்குவதில்லை. ஆனால், அடுத்த வாரம் உட்லண்ட்ஸில் வேறொரு கடை பாதி விலை அறிவித்தால் அங்கே போய்விடுவார். தீவு சிறியது என்பதால் எல்லாச் சலுகைகளும் எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதனால் எல்லாரும் எல்லாக் கடைகளுக்கும் ஒருமுறை மட்டும் வாடிக்கையாளர் ஆகிறார்கள்.

பெரிய நாட்டில் ஒரு நகரத்தின் கடைகள் சலித்துப்போனால் அடுத்த நகரத்துக்குப் போகலாம். இங்கே அடுத்த நகரம் இல்லை. புதிய வாடிக்கையாளர்களும் புதிய கடைகளும் விரைவில் தீர்ந்துவிடுவார்கள். 2015ல் தைவான், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் உட்பட ஏழு சந்தைகளிலிருந்து வெளியேறப்போவதாக குரூப்பான் அறிவித்தது. அடுத்த ஈராண்டுகளில் அதன் இந்தோனீசிய, மலேசிய, சிங்கப்பூர்ப் பிரிவுகளை மலேசியாவில் தொடங்கப்பட்ட கேஃபிட் நிறுவனம் ஒவ்வொன்றாக வாங்கி, ஃபேவ் என்று பெயர் மாற்றியது.

ஃபேவ் செய்த மாற்றம் கவனிக்கத்தக்கது. கடையில் கைப்பேசிமூலம் பணம் செலுத்துபவருக்கு ஒரு சிறு தொகையைத் திருப்பித் தரும் முறையை அது கொண்டுவந்தது. ஆனால், அந்தத் தொகையை அதே கடைக்கு அடுத்த முறை போகும்போதுதான் பயன்படுத்த முடியும். முதல் வருகைக்காகக் கொட்டப்பட்ட கழிவு, இரண்டாம் வருகைக்கான கழிவாக மாறியது. சிறிய சந்தையில் உயிர்பிழைக்க எது தேவை என்பது அந்த மாற்றத்திலேயே தெரிகிறது.

முதலீட்டாளரின் பணப்பை

கழிவுக்கான பணம் வரும் இரண்டாவது இடம் முதலீட்டாளரின் பணப்பை. ஷாப்பி, லஸாடா போன்ற பெரிய தளங்கள் இலவச விநியோகமும் பற்றுச்சீட்டுகளும் கொடுத்தே நம் வட்டாரத்தில் வளர்ந்தன. சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட சீ குழுமம் 2015ல் ஷாப்பியைத் தொடங்கியபோது அதன் கண் சிங்கப்பூரின் 6 மில்லியன் மக்கள்மீது மட்டும் இருக்கவில்லை. 270 மில்லியனுக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்தோனீசியாவும் வியட்னாம், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகியவையும் அதன் கணக்கில் இருந்தன. வட்டாரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் செலவு நியாயமாகும்.

அப்படிப்பட்ட நிறுவனமும் 2022ல் முதலீட்டாளர்களின் பொறுமை குறைந்தபோது இந்தியா, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய சந்தைகளிலிருந்து விலகியது, ஆட்குறைப்பும் செய்தது. அதன் பிறகு, 2023ல்தான் முதன்முறையாக ஆண்டு லாபம் கண்டது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கழிவுச் செலவு சுமையாகும்போது, அங் மோ கியோவில் ஒற்றைக் கடை வைத்திருப்பவர் 11.11 அன்று 40 விழுக்காடு கழிவு தரப் போட்டியிடுவது எவ்வளவு ஆபத்தானது!

நீடிக்கும் கழிவு எது?

மூன்றாவது ஓர் இடமும் உண்டு. உண்மையாகவே மிச்சமாகும் செலவிலிருந்து வரும் கழிவு அது. என் பார்வையில் சிறிய சந்தையில் நீடிக்கக்கூடியது இது ஒன்றுதான். அதற்கு மூன்று வடிவங்களைச் சொல்லலாம்.

முதலாவது, காலியாக இருக்கும் நேரம். வாரநாள் பிற்பகல் மூன்று மணிக்கு முடிதிருத்தும் நிலையத்தில் நாற்காலிகள் காலியாக இருக்கும். வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்துக்கு மட்டும் கழிவு கொடுத்தால் கடைக்கு நட்டமில்லை. சனிக்கிழமை மாலையில் வரும் முழு விலை வாடிக்கையாளரின் இடமும் பறிபோகாது.

இரண்டாவது, சேர்ந்து வாங்குவது. 2020ல் கொவிட்-19 காலத்தில் அடுக்குமாடிப் பேட்டைகளில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் பெருகின. பேட்டையில் ஒருவர் எல்லாருடைய தேவைகளையும் பட்டியலிட்டு ஒரே முறையில் சொல்லிவிடுவார். விற்பவரின் வேன் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஒரே தடவை வந்து போகும். இருபது வீடுகளுக்கு இருபது பயணம் தேவைப்பட்ட இடத்தில் ஒரு பயணம் போதும். அந்த மிச்சம்தான் கழிவாகிறது. யாரும் கைக்காசைப் போடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், குரூப் என்ற சொல்லும் கூப்பன் என்ற சொல்லும் சேர்ந்ததுதான் குரூப்பான். தொடக்கத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் சேர்ந்தால் மட்டுமே அதன் சலுகை செல்லுபடியாகும். காலப்போக்கில் ‘குழு’ மறைந்து ‘கூப்பன்’ மட்டும் மிஞ்சியது. நம் பேட்டைக் குழுக்கள் அந்தப் பழைய யோசனைக்கு உண்மையான பொருளைக் கொடுத்தன. சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூவருக்கும் மேல் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். இப்படி நெருக்கமாக வாழும் சமூகத்துக்கு விநியோகச் செலவைக் குறைப்பது எளிது. இங்கே சந்தையின் சிறுமை பலவீனம் அல்ல, பலம்.

மூன்றாவது, முன்கூட்டியே தெரியும் அளவு. தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே முறுக்குக்கும் அதிரசத்துக்கும் சொல்லிவைப்பவர்களுக்கு 10 விழுக்காடு கழிவு என்று ஒரு வீட்டு வியாபாரி அறிவித்தால், எத்தனை கிலோ மாவு வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பண்டிகை முடிந்த பிறகு விற்காத டப்பாக்கள் வீட்டில் அடுக்கிக் கிடக்காது. வீணாகாத பொருளிலிருந்து வரும் அந்தக் கழிவு அடுத்த ஆண்டும் தொடரும்.

கழிவே இல்லாமலும் சிறிய சந்தையின் நெருக்கத்தை வெற்றியாக்கியவர்கள் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மூவர் 2012ல் தொடங்கிய கேரோசல் அப்படிப்பட்டது. வாங்குபவரும் விற்பவரும் எம்ஆர்டி நிலையத்தின் நுழைவாயிலில் சந்தித்துப் பொருளைக் கைமாற்றிக்கொள்வது நமக்கு இயல்பாகிவிட்டது. விநியோகச் செலவு இல்லை. பொருளை நேரில் பார்த்துவிட்டே பணம் கொடுக்கலாம். பரந்து கிடக்கும் ஒரு நாட்டில் இது இவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

நம்பிக்கை உடைந்தால்

நெருக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு தளத்தின் மீதுள்ள நம்பிக்கை சரிந்தால் அந்தச் செய்தி ஒரே வாரத்தில் தீவு முழுவதும் பரவிவிடும். பற்றுச்சீட்டுகளுக்குப் பெயர்போன கியூ10 தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் அதன் குழுமத்தைச் சேர்ந்த தென்கொரியத் தளங்கள் வணிகர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தரத் தவறின. இங்கும் விற்பனையாளர்கள் பணம் தாமதமாவதாகப் புகார் செய்தனர். செப்டம்பரில் அதன் கட்டணச் சேவைகளை நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வாங்குபவர் செலுத்திய பணம் எத்தனை நாள் தளத்தின் கையில் இருக்கிறது என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு வியாபாரிகள் அப்போது உணர்ந்தனர்.

பொய்க் கழிவும் நம்பிக்கையை அரிக்கும். வழக்கமான விலையை உயர்த்திக் காட்டி, அதிலிருந்து ‘60 விழுக்காடு கழிவு’ என்று விளம்பரம் செய்வது பழைய தந்திரம். இதுபோன்ற விலை ஒப்பீடுகள் குறித்து சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகள் 2020 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. உயர் விலை உண்மையாகவே முன்பு வசூலிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

“மாணவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?”

என் நண்பர்கள் இதை மறுத்துப் பேசுவதுண்டு. “நம் கையில் இருப்பதே கொஞ்சம் பணம். முதலீட்டாளர் கொடுத்தால் என்ன, கடைக்காரர் கொடுத்தால் என்ன? மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டியதுதானே?” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பெரிய நிறுவனம் தன் விருப்பத்தோடு தரும் பற்றுச்சீட்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால், அந்த விலைகளை வைத்துப் பழகிவிட்டு, அக்கம்பக்கக் கடையிலும் வீட்டிலிருந்து விற்பவரிடமும் அதே விலையை எதிர்பார்ப்பதுதான் சிக்கல். குறிப்பாக, நம் சமூகத்துக்கான சந்தை இன்னும் சிறியது. சிங்கப்பூரின் குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு மட்டுமே. தீபாவளிக்குச் சேலை, நகை, பலகாரம், கோலப்பொடி விற்பவர்கள் இந்தச் சிறிய வட்டத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். வாடிக்கையாளர்களை இழந்தால் புதியவர்களைத் தேடிப் போக அவர்களுக்கு இடமில்லை. எல்லை தாண்டி விற்கலாமே என்று சொல்வது எளிது. விநியோகக் கட்டணம் ஒருபுறம் இருக்க, மலேசியாவும் 2024 ஜனவரி முதல் இணையம்வழி வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி விதிக்கிறது.

ஆகவே, விற்கத் தொடங்கும் இளையர்களுக்கு என் யோசனை இதுதான். முதல் விளம்பரத்தை வடிவமைக்கும் முன் ஒரு தாளை எடுத்து, தரப்போகும் கழிவு எந்தச் செலவு குறைவதால் வருகிறது என்று எழுதுங்கள். எழுத எதுவும் இல்லை என்றால் அந்தக் கழிவைத் தராதீர்கள். புதியவர்களை இழுப்பதற்கு வைத்திருக்கும் தொகையில் ஒரு பகுதியை, ஏற்கெனவே வாங்கியவர் இரண்டாம் முறை வருவதற்கு ஒதுக்குங்கள். ஒரே பேட்டையில் ஐந்து பேர் சேர்ந்து வாங்கினால் விநியோகம் இலவசம் என்று சொல்லிப் பாருங்கள்.

வாங்கும் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அடுத்த பண்டிகைக்கு வாங்குவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முன்பே சொல்லிவைக்கலாம். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி வாங்கும்போது நமக்கும் விலை குறையும், விற்பவரும் அடுத்த ஆண்டு அதே கடையைத் திறந்து வைத்திருப்பார்.