வாசிப்பு வளர சமூகப் பாடமும் வேண்டும்

தொடக்கக் கல்வி குறித்த விவாதங்கள் இப்போது ஒரே கேள்வியைச் சுற்றியே நடக்கின்றன: குழந்தைக்கு எழுதப் படிக்கத் தெரிகிறதா, கணக்குப் போடத் தெரிகிறதா? நியாயமான கேள்விதான். மத்திய அரசு 2021-இல் ‘நிபுண் பாரத்’ திட்டத்தையும், தமிழக அரசு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியது இதற்காகவே. ஆனால், பள்ளி நேரம் வரம்புக்குட்பட்டது. ஒரு பாடத்துக்குக் கூட்டும் நேரத்தை மற்றொரு பாடத்திலிருந்துதான் எடுக்க முடியும்.

அமெரிக்கா இதே பாதையில் இருபது ஆண்டுகள் முன்னதாகச் சென்றது. அங்கு 2002-இல் கையெழுத்தான பள்ளிக் கல்விச் சட்டம், மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் தேர்வைக் கட்டாயமாக்கியது. அந்தத் தேர்வில் இடம்பெறாத சமூகப் பாடத்துக்கான நேரம் பல பள்ளிகளில் சுருங்கியது.

பலன் என்ன? ஃபோர்டாம் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-11-இல் மழலையர் வகுப்பில் இருந்த குழந்தைகளை ஐந்தாம் வகுப்பு வரை பின்தொடர்ந்த தேசியத் தரவுகளை ஆராய்ந்தது. மொழிப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியதால் வாசிப்புத் திறன் குறிப்பிடும்படி உயரவில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் கூடுதலாகச் சமூகப் பாடம் படித்த குழந்தைகளிடமோ முன்னேற்றம் தெரிந்தது. ஏழைக் குழந்தைகளுக்கும், வீட்டில் ஆங்கிலம் பேசாத குழந்தைகளுக்கும் பயன் கூடுதல். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணத்தை ஐயமற நிறுவும் சோதனை அன்று. ஆயினும், இதன் தர்க்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது.

‘அணை திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, விவசாயிகள் கவலை’ என்ற செய்தியை நான்காம் வகுப்புக் குழந்தை பிழையின்றி வாசித்துவிடலாம். கடைமடை என்றால் என்ன, ஆற்று நீர் எப்படி வாய்க்கால்களில் பிரிந்து வயலை அடைகிறது என்பதெல்லாம் தெரியாவிட்டால் அது வெறும் ஒலிதான். டெல்டா கிராமத்துக் குழந்தை அதை வீட்டிலேயே அறிந்துகொள்ளும். நகரத்துக் குழந்தைக்குப் பள்ளிதான் சொல்ல வேண்டும். மொழிப் பயிற்சி ஏடுகளை எத்தனை முறை நிரப்பினாலும் அந்த அறிவு வந்துவிடாது.

இந்த நிலையில், நம் அளவீடுகள் செல்லும் திசை கவலை அளிக்கிறது. 2021 தேசிய அடைவு ஆய்வில் மூன்றாம் வகுப்புக்குச் சூழ்நிலையியலும் இருந்தது. 2024-இல் நடந்த ‘பரக்’ ஆய்வில் அதே வகுப்புக்கு மொழியும் கணிதமும் மட்டுமே. ஆய்வு எதை அளக்கிறதோ அதைத்தான் அதிகாரிகள் கேட்பார்கள். அதைத்தான் ஆசிரியர்களும் நடத்துவார்கள். அடுத்த ஆய்வில் சூழ்நிலையியல் மீண்டும் இடம்பெற வேண்டும். தமிழகத்தில் மூன்றாம் வகுப்பு முதலே சமூக அறிவியல் நூல் உண்டு. அதன் பாடங்களை மொழி வகுப்பின் வாசிப்புப் பகுதிகளாகவும் பயன்படுத்தினால் கூடுதல் பாடவேளைகூடத் தேவைப்படாது.