கம்ப்யூட்டர் படுத்தால் கணக்கும் அம்போவா?

செங்கல்பட்டு பஜாரில் சிட்டையும் பேரேடும் மறைந்து வருகின்றன. கடன் பாக்கி, கொள்முதல், வரி எல்லாம் கம்ப்யூட்டரில்! கரண்ட் போய் வந்ததும் அது படுத்துக்கொண்டால்?

"மெக்கானிக் எடுத்துத் தருவார்" என்ற நம்பிக்கை ஆபத்து. கை தவறி அழித்த பைலை, மேற்கொண்டு எதுவும் பதியாமல் நிறுத்தினால் மீட்க வழியுண்டு. ஹார்டு டிஸ்க்கே கருகினால் செலவும் எகிறும், உறுதியும் கிடையாது.

2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜியோன் நகர அரசு கம்ப்யூட்டர் மையத்தில் தீ. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போச்சு. காரணம், 'பேக்கப்' எனும் நகல் இல்லை!

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்களை விஷமிகள் முடக்கினர். பல நாள் எல்லாம் கையெழுத்து வேலைதான். ஆனால் பாதிக்கப்படாத நகல் சர்வர் ஒன்று இருந்தது. நோயாளிகளின் விவரம் தப்பியது.

நகலும் அதே மேஜையில் இருந்தால் பயனில்லை. 2004 டிசம்பர் 26-ல் மாமல்லபுரம் கரையில் புகுந்த கடல், அசல் எது நகல் எது என்று பார்த்தா வந்தது?

சட்டமும் சும்மா இல்லை. 2017-ம் ஆண்டு ஜி.எஸ்.டி. விதிகளில் 57-வது விதி, கம்ப்யூட்டர் கணக்குக்கு நகல் கட்டாயம் என்கிறது. விபத்தில் அழிந்தாலும் மீட்க முடிய வேண்டுமாம். "கெட்டுப்போச்சு சார்" என்றால் அதிகாரி கேட்பாரா?

ஷட்டரை இறக்குமுன் ஒரு நகல் எடுக்கணும். அது வீட்டுக்குப் போகணும். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கணும். திறக்காத நகல், இல்லாத நகல்தான்!